துண்டு கிடந்த நாற்காலி

தண்ணீருக்கு அடியில் இரண்டு கூழாங்கற்கள் மோதிக்கொள்ளும் சத்தம். டக், டக். காற்றில் கேட்கிற சத்தங்களோடு அதைச் சேர்க்க முடியாது. அதற்குத் திசை இல்லை, தூரம் இல்லை, என் தலைக்குள்ளேயே யாரோ பல்லைக் கடித்ததுபோல் இருக்கும். தாமிரபரணிப் படித்துறையின் கடைசிப் படியில் குப்புறப் படுத்து, ஒரு காதை மட்டும் ஆற்றுக்குள் முக்கிக்கொண்டு கிடப்பேன் நான். எனக்கு நீச்சல் வரவில்லை, வரவே இல்லை. தங்கச்சி சுகிர்தாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. அவள் மூழ்கினால் ஆறு மூடிக்கொள்ளும், மேலே ஒரு சுழிப்புகூட இருக்காது, நான் அழ ஆரம்பிப்பேன், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அடியிலிருந்து இரண்டு கல்லை எடுத்துத் தட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன், அழமாட்டேன். இரண்டு தட்டு என்றால் இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். வேறு அர்த்தம் எதற்கும் நாங்கள் தட்டு வைக்கவில்லை, வேறு எதுவும் தேவைப்படும் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது எனக்கு எழுபத்து மூன்று வயது. மாலத்தீவில், பெயரை ஒழுங்காகச் சொல்ல வராத ஒரு சின்னத் தீவில், ஓலைக்குடைக்குக் கீழே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் சுகிர்தாவின் நீலத் துண்டு கிடக்கிறது. துண்டின் மேல் அவள் கண்ணாடி, மணலில் அவள் செருப்பு. அவள் கடலுக்குள் போயிருக்கிறாள். போகும்போது குடையின் நிழல் துண்டை முழுக்க மூடியிருந்தது. இப்போது பாதித் துண்டு வெயிலில் கிடக்கிறது.

இப்பம் வந்திருதேன், நீ என் எடத்தைப் பாத்துக்கோ என்றாள். அதனால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடத்தையும் பார்க்கிறேன், கடலையும் பார்க்கிறேன், இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியவில்லை. கடலைப் பார்க்கும்போது முதுகுக்குப் பின்னால் துண்டை யாரோ எடுத்துவிட்டதுபோல் இருக்கிறது, துண்டைப் பார்க்கும்போது அந்தக் கணத்தில்தான் ஒரு கை தண்ணீருக்கு மேலே உயர்ந்து இறங்கியிருக்கும் என்று படுகிறது. இந்தத் துண்டுப் பழக்கத்தை வந்த மறுநாளே அவள் கண்டுபிடித்துவிட்டாள். விடிவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் அரைத்தூக்கத்தில் வந்து நல்ல நல்ல நாற்காலிகளில் துண்டை விரித்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். அதற்கப்புறம் பகல் முழுக்க யாரும் அந்த நாற்காலியைத் தொடுவதில்லை. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் துண்டு கிடந்தால் ஆள் உண்டு. சுகிர்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "எக்கா, இது நம்ம பஸ் ஸ்டாண்டுல்லா! காசு கொடுத்து இம்புட்டுத் தூரம் வந்து பாத்தா, இங்கயும் சன்னல் வழியாத் துண்டு போடுதானுவ." பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்த காலத்தில், தூத்துக்குடிக்குப் போட்டிக்குப் போகும்போது கோ-கோ அணி முழுவதுக்கும் அவள் ஒருத்தியே இடம் பிடிப்பாள். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே துண்டு, கைக்குட்டை, விசில் கயிறு, டிபன் பை, எல்லாம் சன்னல் வழியாக உள்ளே பறக்கும். அவள் போட்ட இடத்தில் எவனாவது உட்கார்ந்துவிட்டால் அந்த பஸ் அன்றைக்குக் கிளம்பாது. அதே மிடுக்கோடுதான் இன்றைக்கும் துண்டை உதறி விரித்தாள், நான்கு முனையையும் இழுத்துவிட்டாள், கண்ணாடியைக் கழற்றி மடித்து நடுவில் வைத்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குப் பத்தடிக்கு அப்பால் மனிதர்கள் நிறங்கள்தான்.

கடல் மூன்று நிறமாக இருக்கிறது. கரையோரம் நிறமே இல்லாத தண்ணீர், உள்ளே நிற்கிற கால் விரலின் நகம் தெரியும். அப்புறம் மயில்கழுத்து நிறம். அப்புறம் ஒரு கோடு, யாரோ கத்தியால் வெட்டின மாதிரி, கோட்டுக்கு அந்தப் பக்கம் கறுநீலம். பவளப்பாறை அங்கே முடிகிறது, அதற்கப்புறம் தரை கிடையாது என்று வந்த அன்றைக்கே சொன்னார்கள், சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இங்கே எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். கையில் ஒரு மஞ்சள் பட்டையைக் கட்டிவிட்டார்கள், அது இருந்தால் எதையும் தின்னலாம், எதையும் குடிக்கலாம், சட்டைப்பைக்குள் கை விட வேண்டாம். சாப்பாட்டுக் கூடத்தில் தரை போடவில்லை, வெறும் மணல், சுவரும் இல்லை, மேலே தென்னங்கீற்று. சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டுகிறார்கள். கேட்ட உடனே எல்லோரும் எழுந்து வரிசையாகப் போகிறோம். கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லாத இடம் எனக்குப் பயத்தைத் தருகிறது. சாகப்போகிறவர்களிடம்தான் நாம் எதையும் மறுப்பதில்லை. சுகிர்தா தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாட்டுக்குக் காதுல மாட்டுவாவளே, அது மாதிரில்லா இருக்கு. தொலஞ்சா புடிச்சுக் கொண்டாந்து தொழுவுல விட்ருவாவ." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேனா இல்லையா என்று பார்த்தாள். அவளுக்குத் தெரியும். டாக்டர் சொன்னது அவளுக்கும்தானே தெரியும்.

டாக்டர் நல்ல மாதிரி. ஒரு நிமிடத்துக்குள் எத்தனை விலங்குப் பெயர் சொல்ல முடியும், சொல்லுங்கம்மா என்றார். சுகிர்தா ஆடு என்றாள், மாடு என்றாள், யானை என்றாள், கொஞ்சம் யோசித்து ஆடு என்றாள், அப்புறம், "டாக்டர், நான் பி.டி. டீச்சர், விலங்கியல் இல்ல, ஓடச் சொல்லுங்க, ஓடுதேன்" என்றாள். டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டரின் கண் என் கண்ணில் வந்து உட்கார்ந்தது. ஆரம்பம்தான் என்றார் வெளியே. மெதுவாகத்தான் போகும் என்றார். என்ன போகும் என்று கேட்டேன். எல்லாமே என்று சொல்லாமல் அவர் மாத்திரையைப் பற்றிச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயர் போயிற்று. அடுப்பில் பால் வைத்தது போயிற்று. தேவாலயத்தில் எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது அவள் மட்டும் போன வாரப் பாட்டைப் பாடினாள், கணீரென்று, கண்ணை மூடிக்கொண்டு. யாரும் திரும்பிப் பார்க்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் நீச்சல் போகவில்லை. தண்ணீருக்குள் இறங்கினால் அவள் பழைய சுகிர்தா, கை அதுவாக வீசுகிறது, கால் அதுவாக உதைக்கிறது. அதனால்தான் டொராண்டோவிலிருந்து அவள் மகள் ஜெமிமா இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தாள். போயிட்டு வாங்க பெரியம்மா, அம்மாவுக்குக் கடல் பிடிக்கும், இப்பவே போயிட்டு வந்திருங்க என்றாள். இப்பவே என்ற சொல்லில் அவள் குரல் கொஞ்சம் தடுக்கியது. பிறகு, தனியா மட்டும் தண்ணிக்குள்ள விட்றாதீங்க என்றாள். கரையில் உட்கார்ந்திருப்பது தனியாக விடாததுதானா? நீச்சல் தெரியாத ஒருத்தி கண்ணால் பிடித்துக்கொண்டிருப்பது பிடித்துக்கொண்டிருப்பதுதானா? கண்ணாலும் இப்போது பிடிக்க முடியவில்லை. ஆற்றில் அவள் தலை கறுப்பு, எங்கே மேலே வந்தாலும் தெரியும். இப்போது தலை வெள்ளை, அலையின் நுரையும் வெள்ளை. அந்தக் கோட்டின் மேல் வெள்ளையாக ஏதோ மேலெழுந்து உடைகிறது, மேலெழுந்து உடைகிறது, எல்லாமே அவள்போல் இருக்கிறது, எதுவுமே அவள் இல்லை.

கத்தலாம். எழுந்து நின்று கத்தினால் போதும், படகுக்காரர்கள் அதோ அந்தத் தென்னைக்குக் கீழேதான் சீட்டாடுகிறார்கள். வந்த அன்றைக்கு அப்படித்தான் கத்தினேன். கத்தல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை, கல்லூரியில் முப்பது வருடம் தமிழ் நடத்திய குரல், கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல், ஐயோ ஐயோ என்று. கடற்கரை முழுக்க எழுந்து நின்றது. படகு போனது. பாறைக்கு மேல் நிம்மதியாக மீன் பார்த்துக்கொண்டு மிதந்தவளை இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் படகில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஈரச் சுடிதார் உடம்போடு ஒட்டியிருக்க, அத்தனை பேர் முன்னால் படகிலிருந்து இறக்கிவிட்டார்கள். யாரோ கைதட்டினார்கள். நல்ல எண்ணத்தில்தான் தட்டினார்கள். சுகிர்தா அன்று ராத்திரி சாப்பிடும்போது மீனைப் பிட்டுப் பிட்டு முள்ளை எடுத்து வரிசையாக வைத்தாள். கடைசியில் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "எல்லாம் போகப்போகுது, எனக்குத் தெரியும். இது ஒண்ணுதான் கெடக்கு. இதையும் நீ ஆள் விட்டுப் புடிச்சிராத. இன்னொரு தடவ கத்துன, நான் உன் கூடப் பேசமாட்டேன்." பேசமாட்டேன் என்பது அவள் சின்ன வயதில் சொல்லும் மிரட்டல். அப்போதெல்லாம் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. இப்போது அந்தச் சொல்லுக்கு வேறு நீளம் வந்துவிட்டது. அதனால் கத்தவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். நிழல் அந்தக் கண்ணாடியைத் தாண்டட்டும், தாண்டினால் கத்துவேன்.

நிழல் கண்ணாடியைத் தாண்டிவிட்டது. கண்ணாடியின் வில்லைகளில் வெயில் பட்டு இரண்டு சின்ன வெளிச்சப் புள்ளிகள் மின்னுகின்றன, பார்த்துக்கொண்டே இருந்தால் கண் கூசுகிறது. "என்ன லீலாம்மா, ஒண்டும் குடிக்கல்லியா?" சிவநேசன். மட்டக்களப்புக்காரர், நாற்பது வயதுக்கு மேலிருக்கும், இந்தத் தீவில் எங்களோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள். கையில் தட்டு, தட்டில் இளநீர். சொல்லிவிடலாம், இவரிடம் மெதுவாகச் சொன்னால் கத்தினதாக ஆகாது. சிவநேசன், என் தங்கச்சி என்று ஆரம்பிக்கிறேன். அவர் நாற்காலியைப் பார்க்கிறார். "தங்கச்சியும் இங்கினதானே? துவாய் கிடக்குது, கண்ணாடியும் கிடக்குது. பாத்ரூமுக்குப் போயிருப்பா. அவவுக்கும் ஒண்டு வச்சிட்டுப் போறன்." இளநீரை அவள் செருப்புக்குப் பக்கத்தில் மணலில் அழுத்தி வைக்கிறார். "நேத்து என்னைப் பிடிச்சு வச்சு நீச்சல் பழக்கிறன் எண்டு நிக்கிறா. தீவில வேல செய்றவனுக்கு நீந்தத் தெரியாதா எண்டு ஒரே பகிடி." சிரித்துக்கொண்டே போகிறார். துண்டு கிடந்தால் ஆள் உண்டு. அவர் சொன்னதும் ஒரு கணம் நானும் நம்பினேன், நம்பின சுகத்தில் கண்கூட மூடியது. குளியலறைக்குத்தான் போயிருப்பாள், நான் பார்க்காத நேரத்தில் மேலே வந்து அந்தப் பக்கமாக நடந்து போயிருப்பாள். கண்ணாடி இல்லாமலா? செருப்பு இல்லாமலா, இந்தச் சூட்டு மணலில்? முன்வரிசையில் ஒரு பெரிய உடம்புக்காரர் நாற்காலி தேடிக்கொண்டு வருகிறார், நீலத் துண்டைப் பார்க்கிறார், என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைக்கிறார், தாண்டிப் போகிறார். இன்னொருத்தி வருகிறாள், துண்டைப் பார்க்கிறாள், போகிறாள். ஒவ்வொருவராக வந்து அவள் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்தத் துண்டை நான் எடுத்து மடித்துவிட்டால் அவள் இல்லை என்று ஆகிவிடும். அதைத் தொடக் கை வரவில்லை.

அப்புறம் அந்த நினைப்பு வருகிறது. அதை நான் நினைக்கவில்லை, அது தானாக வந்தது, நண்டு வளையிலிருந்து வருவதுபோல ஓரமாக, கண்ணை மட்டும் முதலில் நீட்டிக்கொண்டு. அவள் அவளாக இருக்கும்போதே. இவ்வளவுதான் நினைப்பு, இதற்கு வினைச்சொல் கிடையாது, நான் கொடுக்கவும் மாட்டேன். கை அதுவாக வீசிக்கொண்டிருக்கும்போதே, கால் அதுவாக உதைத்துக்கொண்டிருக்கும்போதே, படுக்கையில் கிடத்தி நான் வாயைத் துடைத்துவிடும் நாள் வருவதற்கு முன்னாலேயே. போ உள்ளே. ஜெமிமாவிடம் என்ன சொல்வேன்? கண்ணை எடுக்கவில்லை என்று சொல்வேன். எடுத்தேன், துண்டைப் பார்க்க எடுத்தேன். கத்தாமல் இருந்தது அவள் சொன்னதாலா, அல்லது அந்த நண்டு வளைக்குள்ளேயே எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தது? இப்பம் வந்திருதேன் என்று அவள் சொன்ன குரலைத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், அதில் ஏதாவது இருந்ததா? துண்டின் நான்கு முனையையும் அவ்வளவு பார்த்துப் பார்த்து ஏன் இழுத்துவிட்டாள்? திரும்பி வருகிறவள் அவ்வளவு ஒழுங்காக வைப்பாளா, திரும்பி வராதவள்தான் அப்படி வைப்பாளா? அவள் எப்போதுமே ஒழுங்கானவள், சாக்ஸைக்கூட இஸ்திரி போடுவாள், அதில் ஒன்றும் இல்லை. அதில் எல்லாம் இருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கறுநீலம் நகர்கிறது, இடமிருந்து வலமாக, ஆறுபோல. கடலுக்குள் ஆறு ஓடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மயில்கழுத்து நிறம் நிற்கிறது, கறுநீலம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, சேலைக் கரை நனைகிறது, தண்ணீர் வெந்நீர்போல் இருக்கிறது, முழங்கால்வரை வந்துவிட்டேன், இதற்குமேல் என் வாழ்நாளில் எந்தத் தண்ணீருக்குள்ளும் நான் போனதில்லை. கத்தத்தான் வந்தேன். வாயைத் திறந்தேன், வரவில்லை. பேசமாட்டேன் என்றாளே. முழங்காலை மணலில் ஊன்றினேன், பக்கவாட்டில் குனிந்தேன், ஒரு காதைக் கடலுக்குள் வைத்தேன். உடனே உலகம் நின்றது. கரைச் சத்தம், பேச்சுச் சத்தம், காற்று, எல்லாம் அறுந்து விழுந்தன. உள்ளே வேறு சத்தம். தூரத்து அடுக்களையில் கடுகு பொரிவதுபோல, நெரநெரவென்று, பொடிப்பொடியாக, எங்கும், ஓயாமல். பாறை தின்கிற சத்தமா, பாறையைத் தின்கிற சத்தமா? கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆயிரம் சின்னச் சத்தங்களுக்கு நடுவில் இரண்டு பெரிய சத்தம் கேட்க வேண்டும். தட்டு சுகிர்தா. இங்கே கூழாங்கல் கிடையாது, செத்த பவளம் கிடக்கும், அதை எடுத்துத் தட்டு. தட்டு. நான் அழமாட்டேன்.

"அம்மா, காதுக்குள்ள தண்ணி போயிராம."

பின்னாலிருந்து வந்தது. கடலிலிருந்து வரவில்லை, கரையிலிருந்து. திரும்பினேன். சுகிர்தா மணலில் நின்றுகொண்டிருந்தாள். சுடிதார் பாதி காய்ந்துவிட்டிருந்தது. முழங்காலில் சிராய்ப்பு, பாதமெல்லாம் மணல். தீவின் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது நீரோட்டம், அங்கே கரையேறித் தீவைச் சுற்றி நடந்து வந்திருக்கிறாள், கண்ணாடி இல்லாமல், செருப்பு இல்லாமல். நாலு காலில் தவழ்ந்து வந்தேன். அவளே குனிந்து என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள், ஈரக் கை, உறுதியான கை, விளையாட்டு மைதானத்தில் விழுந்த பிள்ளையைத் தூக்குகிற கை. அம்மா என்று ஏன் கூப்பிட்டாள்? விளையாடுகிறாள். பழிவாங்குகிறாள். இப்போது சிரித்துவிடுவாள்.

"பயந்துட்டேன்ட்டி" என்றேன்.

"பின்ன, நீச்சல் தெரியாம எதுக்கு எறங்குதீங்க?" என்றாள். "மொதல்ல உக்காருங்க."

என்னை என் நாற்காலியில் உட்கார்த்தினாள். அவள் உட்காரவில்லை. கால் நடுங்கிக்கொண்டிருந்தது அவளுக்கு, தொடை துடிப்பதுகூடத் தெரிந்தது, ஆனாலும் பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிட்டு ஓலைக்குடையின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரு சுகிர்தா."

"வேண்டாம். யாரோ துண்டு போட்டுட்டுப் போயிருக்காவ. வந்தா சங்கடம்."

"உன் துண்டுதான்."

"எனக்கு ஏது துண்டு?" கொஞ்சம் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "கண்ணாடியெல்லாம் வச்சிட்டுப் போயிருக்காவ, பாவம். இப்பம் வந்திருவாவ."

கண்ணாடியை எடுத்து நீட்டினேன். வெயிலில் கிடந்து சுட்டது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அடுத்தவுக கண்ணாடியப் போடப்பிடாது." பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தாள், தன் மணிக்கட்டைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. "உங்களுக்கும் மஞ்சதானா? அப்பம் நாம ஒரே கூட்டம். நீங்க எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை."

"அட! நாங்களும் பாளையங்கோட்டதான். பேரு?"

சொல்லக் கூடாது என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் இது நடந்ததாக ஆகாது.

"லீலாவதி."

"எங்கக்கா பேரும் அதான்" என்றாள் சுகிர்தா. கம்பைப் பிடித்தபடியே கடல் பக்கம் திரும்பினாள். "தண்ணின்னா பயந்து சாவா. இங்கனதான் இருப்பா, பாத்தீங்களா? நான் எங்கன போயிட்டேன்னு தேடிட்டு இருப்பா. சத்தம் போடாதேன்னு சொல்லி வச்சிருக்கேன். போடமாட்டா, நான் சொன்னாக் கேப்பா."

பாக்கல என்றேன். இளநீரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள், நின்றபடியே, இடம் பிடித்தவர் எந்த நேரமும் வந்துவிடக்கூடும் என்பதுபோல அந்த நாற்காலியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே. தண்டவாளத்தைத் தட்டினார்கள். எல்லோரும் எழுந்து நடக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அவளும் தலையைத் தூக்கினாள், ஏதோ ஒன்று முகத்துக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டாள், கண்ணாடியை மாட்டினாள். "எக்கா, என்ன இப்படி நனஞ்சு கெடக்க? வா, பசிக்கி" என்றாள்.

சுகிர்தா கடலில் சாகவில்லை. நாலு வருடம் கழித்து, ஒரு ஆவணி மாதக் காலையில், பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில், நுரையீரலில் நீர் கோத்து இறந்தாள்.